நிக்ஸ்: இரண்டு ஆண்டுகள் பழகிய பின்

என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் படுத்துவிடுகிறது. மென்பொருளைச் சர்வரில் ஏற்றும் பொறுப்பில் இருக்கும் எனக்கு, தூக்கத்தைக் கெடுக்க இந்த ஒரு புகார் போதும். ஒருமுறை விடிய விடியத் தேடிக் கண்டுபிடித்த காரணம் இதுதான்: இரண்டு இயந்திரங்களிலும் இருந்தது ஒரே நிரல் நூலகம், ஆனால் பதிப்பு எண்ணின் கடைசி இலக்கம் வேறு. அந்த வாரமே நிக்ஸைக் கையில் எடுத்தேன்.

ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003-இல் தொடங்கிய இந்தத் தொகுப்பு மேலாளர் (மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் கருவி), ஒவ்வொரு தொகுப்பையும் தனித்தனி அடைவில் வைக்கிறது. அடைவுப் பெயரின் தொடக்கத்தில் 32 எழுத்துகள் கொண்ட ஹாஷ், கைரேகை போன்ற ஓர் அடையாளக் குறி. மூல நிரல், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், சார்பு நூலகங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது அது. எதில் ஓர் எழுத்து மாறினாலும் அடைவின் பெயரே மாறிவிடும். அதனால் ஒரு நூலகத்தின் இரண்டு பதிப்புகள் மோதிக்கொள்ளாமல் அருகருகே இருக்கின்றன. பில்ட், அதாவது மூல நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் வேலை, நடப்பதும் இணையம் துண்டிக்கப்பட்ட, அடைபட்ட சூழலில். எங்கள் ஸ்கிரிப்ட் ஒன்று இயங்குதளத்தின் பைதானை இத்தனை நாளும் சொல்லாமலே பயன்படுத்தி வந்தது, முதல் பில்ட் தோற்றபோதுதான் தெரிந்தது. அந்தத் தோல்விக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

புதிய பதிப்பு சொதப்பினால் ஒரே கட்டளையில் முந்தையதற்குத் திரும்பலாம். எதையும் மறுபடி நிறுவுவதில்லை. ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைக் காட்டும் இணைப்பு) பழைய அடைவைச் சுட்டுகிறது, அவ்வளவுதான்.

குறைகள் உண்டு. தொகுப்புகளை விவரிக்க எழுதும் நிக்ஸ் மொழி பழகச் சில வாரங்கள் ஆகும். பிழைச் செய்திகள் பக்கம் பக்கமாக நீளும், காரணம் எங்கோ நடுவில் இருக்கும். ஃபிளேக் (சார்புகளைப் பதிப்போடு குறித்துவைக்கும் நிக்ஸ் முறை) பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வையுங்கள்: புதுக் கோப்பு எழுதியதும் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கோப்பு கண்ணெதிரே இருக்க, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நிக்ஸ் சாதிக்கும். பழைய பதிப்புகள் வட்டை நிரப்பும். அவ்வப்போது துப்புரவு தேவை. இன்னொன்று: உள்ளீடுகள் ஒன்றே என்பதற்குத்தான் நிக்ஸ் பொறுப்பு. கம்பைலர் நேர முத்திரை எதையாவது உள்ளே பதித்தால், விளைவு பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகாது.

இவ்வளவுக்குப் பிறகும் இதைக் கைவிட எனக்கு மனமில்லை. அண்மையில் எங்கள் குழுவில் சேர்ந்தவர், நிரலை இறக்கி ‘நிக்ஸ் டெவலப்’ என்ற ஒரு கட்டளையைக் கொடுத்தார். என்னிடமுள்ள அதே கம்பைலரும் அதே நூலகங்களும் அவருக்கு வந்து சேர்ந்தன. அன்று மாலையே தம் முதல் திருத்தத்தை அனுப்பிவிட்டார்.