போக்கர் டோர்னமென்ட்டில் டிராவோடு ஆல்-இன் போவதா, கால் போடுவதா?

டிரா என்றால் இன்னும் ஒரு சீட்டு விழுந்தால் சேரும் கை; ஆல்-இன் என்றால் இருக்கும் எல்லா சிப்பையும் வைப்பது; கால் என்றால் எதிராளியின் பெட்டுக்கு (பந்தயத்துக்கு) சமமாக மட்டும் வைப்பது. கையில் ஹார்ட் 9, 8. ஃப்ளாப்பில் (மேஜையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) ஹார்ட் 7, ஹார்ட் 6, கிளாவர் 2. ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) உதவுவது 9 சீட்டு, ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) மேலும் 6, ஆக 15.

நம்மிடம் 20 பிக் பிளைண்ட்தான் (ஒவ்வொரு ஆட்டத்திலும் வைக்கப்படும் பெரிய கட்டாயப் பந்தயத்தைப் போல 20 மடங்கு சிப்) இருக்கிறது, எதிராளி பெட் போட்டுவிட்டார் என்றால் ஆல்-இன் போங்கள். டர்ன், ரிவர் (நான்காவது, ஐந்தாவது பொதுச் சீட்டு) இரண்டையும் பார்த்துவிடுவதால் அந்த 15-ல் ஒன்று விழ சுமார் 54 சதவீத வாய்ப்பு, அதோடு அவர் பயந்து ஃபோல்ட் செய்தால் (கையை விட்டுவிட்டால்) பாட் (நடுவில் சேர்ந்த சிப்) அப்படியே நமக்கு. கால் போட்டால் டர்னில் வெறும் 32 சதவீதம்தான், எதுவும் விழாமல் அவர் மறுபடி பெரிதாக அடித்தால் நல்ல கையைத் தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

பரிசுக்கு இன்னும் ஓரிருவர் வெளியேறினால் போதும், எதிரில் இருப்பவரிடம் நம்மைவிட அதிக சிப், பெட்டும் சின்னது என்றால் மட்டும் கால்தான் சரி. அந்த நேரத்தில் ஜெயிக்கும் சிப்பைவிட இழக்கும் சிப்புக்கு மதிப்பு அதிகம்.