‘எல்லாம் ஒரே செயலியில்’ என்று நம்பி 2,999 ரூபாய் கட்டியவன் எழுதுவது

நண்பர்களுக்கு வணக்கம். நான் பிறவியிலேயே பார்வையில்லாதவன். திண்டுக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியர். பத்து வருடத்துக்கு மேலாக, திரையில் விரல் படுவதை வாசித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டின் டாக்பேக்கோடுதான் போன் புழங்குகிறேன். இவ்வளவு பழகிய நானே ஏமாந்தேன். போதாததற்கு இன்னும் மூன்று பேரையும் அதில் இழுத்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தப் பதிவு.

விஷயம் ஒரு செயலி. பார்வையற்றோருக்காகவே செய்தது என்றார்கள். ரூபாய் நோட்டைத் தமிழில் சொல்லும், அச்சடித்த தமிழைப் படிக்கும், மாத்திரை அட்டையைப் படிக்கும், பேருந்தின் பலகையைப் படிக்கும், எதிரில் நிற்பவர் யார் என்று சொல்லும். எல்லாம் ஒரே செயலியில். ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் விற்பனைக்காரர் பத்து நிமிட டெமோ ஒன்றை அனுப்பியிருந்தார். கேட்டேன். நோட்டை நீட்டியதும் “ஐந்நூறு ரூபாய்” என்று கணீரென்று ஒரு பெண் குரல். செய்தித்தாளைப் பிடித்ததும் கடகடவென்று தலைப்புச் செய்தி. சொக்கிப்போனேன்.

அந்த டெமோவில் எனக்கு அப்போது உறைக்காத ஒன்று இருந்தது. பத்து நிமிடத்தில் ஒரு இடத்தில்கூட டாக்பேக் குரல் கேட்கவே இல்லை. அதாவது செயலியை இயக்கிக் காட்டியவர் கண்ணால் பார்த்து, விரலால் நேராகத் தொட்டு இயக்கியிருக்கிறார். நோட்டை கேமராவுக்கு நேராக, நல்ல வெளிச்சத்தில், கண்ணால் பார்த்துப் பிடித்திருக்கிறார். பார்வையுள்ளவர் கையில் எந்தச் செயலிதான் வேலை செய்யாது?

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். விற்பனைக்காரரைக் கூப்பிட்டேன். “சார், உங்களுக்காகவே பண்ணினது சார், ஏழு நாள் டிரையல், ஒரே ஒரு ரூபாய்தான்” என்றார். செயலி பிளே ஸ்டோரில் இல்லை. வாட்ஸ்ஆப்பிலேயே கோப்பாக வந்தது. நிறுவினேன். அணுகல்தன்மை அனுமதி கேட்டது. கொடுக்கப் போனால் போன் தடுத்துவிட்டது. ஆண்ட்ராய்டு 13 முதல் இப்படி ஒரு தடுப்பு உண்டு. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வந்த செயலிக்கு இந்த அனுமதியை லேசில் தராது. விற்பனைக்காரரிடம் சொன்னேன். அவர் பொறுமையாக, செயலித் தகவல் பக்கத்துக்குப் போய், மேலே மூன்று புள்ளியைத் தட்டி, தடைசெய்யப்பட்ட அமைப்புகளை அனுமதிக்கச் சொல்லி ஒவ்வொரு படியாக வழிகாட்டினார். எவ்வளவு உதவியான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்த அனுமதி என்றால் என்ன என்று நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. டாக்பேக் வேலை செய்வதே இந்த அனுமதியால்தான். திரையில் உள்ளதை எல்லாம் படிக்கும், நமக்குப் பதிலாகத் தட்டும். அதே அனுமதியை வேறொரு செயலிக்குக் கொடுத்தால் அதுவும் திரையில் உள்ளதை எல்லாம் படிக்கும், நமக்குப் பதிலாகத் தட்டும். வங்கிக் கணக்கைச் சுரண்டும் தீய செயலிகள் குறி வைப்பதும் இதைத்தான். பார்வையுள்ளவர்களுக்கு இந்த அனுமதிப் பக்கம் அபூர்வமாகக் கண்ணில் படும் ஒன்று, கொஞ்சமாவது தயங்குவார்கள். நமக்கோ போன் வாங்கிய முதல் நாளே பழகிப்போன பக்கம். ‘அணுகல்தன்மை’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்முடையதுதானே என்று விரல் தானாக இரட்டைத் தட்டு தட்டிவிடுகிறது. நோட்டைப் படம் பிடித்துச் சொல்ல ஒரு செயலிக்குக் கேமரா அனுமதி போதும். மற்ற செயலிகளின் திரையைப் படிக்கிற அனுமதி எதற்கு? இந்தக் கேள்வியை நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு ரூபாய். யூபிஐ பக்கம் திறந்தது. டாக்பேக் “ஒரு ரூபாய்” என்று படித்தது. அதற்குக் கீழே இன்னும் நாலு தடவை விரலை நகர்த்திக் கேட்டிருந்தால், அது ஆட்டோபே ஒப்புதல், அதாவது பணம் தானாகக் கழிய நாம் தரும் சம்மதம், வருடத்துக்கு 2,999 ரூபாய் வரை என்பதும் காதில் விழுந்திருக்கும். நகர்த்தவில்லை. ஒப்புதல் பட்டன் இருக்கும் இடம் விரலுக்குத் தெரியும். நேராகப் போய் பின் நம்பரைப் போட்டேன். தானாகக் கழியும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்தது. ஆங்கிலத்தில், கடன் வேண்டுமா, ரீசார்ஜ் முடிகிறது என்ற குறுஞ்செய்திக் குவியலுக்கு நடுவே. ஆக, பணம் போனதில் என் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை.

இனி செயலியின் லட்சணம்.

திறந்தால் முதல் பக்கத்தில் ஆறு பட்டன்கள். டாக்பேக் “லேபிள் இல்லை, பட்டன்” என்று ஆறு தடவை சொன்னது. பார்வையற்றோருக்காகவே செய்த செயலி! எந்தப் பட்டன் எதற்கு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து மனப்பாடம் செய்தேன். செயலியின் பெண் குரலும் டாக்பேக் குரலும் ஒரே நேரத்தில் பேசும். சந்தைக்கடையில் இரண்டு ஒலிபெருக்கி வைத்ததுபோல. டாக்பேக்கை நிறுத்திவிட்டுப் பயன்படுத்துங்கள் என்றார் விற்பனைக்காரர். நிறுத்தினால் பட்டனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். “வீட்ல யாராவது இருப்பாங்கல்ல சார்?” என்றார். பேருந்துப் பலகையைப் பற்றிச் சுருக்கமாக: பதில் வருவதற்குள் பேருந்து போய்விடும்.

இதெல்லாம் எரிச்சல். மாத்திரை விஷயம் எரிச்சலோடு போகவில்லை.

எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. மெடிக்கலில் பாதி அட்டையை வெட்டித்தான் தருவார்கள், தெரியுமல்லவா? அப்படி ஒரு துண்டு அட்டையைக் காட்டினேன். மாத்திரைப் பெயர் சரியாகச் சொன்னது. “காலாவதி, மார்ச் 2027” என்றது. திருப்தியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து மெடிக்கலுக்குப் போனபோது அதே அட்டையைக் கொடுத்து இதேபோல் வேண்டும் என்றேன். கடைக்காரத் தம்பி, “சார், இதுல தேதி இருந்த ஓரத்தை ஏற்கெனவே வெட்டியாச்சு” என்றார். தேதியே இல்லாத அட்டையில் தேதி சொல்லியிருக்கிறது!

வீட்டுக்கு வந்து அதே அட்டையை மூன்று தடவை காட்டினேன். மூன்று வெவ்வேறு தேதி சொன்னது. பிறகு உள்ளங்கையால் கேமராவை முழுக்க மூடிக்கொண்டு, எதிரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மர மேசை மேல் ஒரு காபி கோப்பை இருப்பதாகச் சொன்னது. எங்கள் வீட்டில் மர மேசையே கிடையாது.

செயற்கை நுண்ணறிவு படத்தை விவரிக்கும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுவதைச் சொல்லிவிடும். இலவசமாகக் கிடைக்கிற பெரிய செயலிகளிலும் இது நடக்கும். பார்வையுள்ளவர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். நம்மால் சரிபார்க்க முடியாது. அதனால்தான் மாத்திரைத் தேதி, மருந்தின் அளவு, பணம் இவற்றில் விவரிக்கும் செயலியை நம்ப மாட்டேன் என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். மனிதரிடம் கேட்பேன். பி மை ஐஸ் செயலியில் பார்வையுள்ள தன்னார்வலர் வீடியோ அழைப்பில் வருவார், காசு கிடையாது. 2015 முதல் இருக்கிறது. அதிலும் படத்தை விவரிக்கும் ஏஐ பின்னாளில் சேர்ந்திருக்கிறது. நான் சொல்வது மனிதர் வரும் பகுதியை.

அடுத்து நோட்டு. நான் பரிந்துரைத்த மூவரில் ஒருவர் ரயிலில் ஊக்கு, சீப்பு, போன் கவர் விற்பவர். இப்போதைய நோட்டில் 100 ரூபாய் 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றேதான். நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஓடுகிற ரயிலில் விரலால் கண்டுபிடிக்கிற வித்தை அவருக்குக் கைவந்தது. ஓரத்தில் உள்ள மேடான கோடுகளையும் தடவிப் பார்ப்பார். கசங்கிய நோட்டில் அவை தேய்ந்துபோயிருக்கும், அப்போது நீளம்தான் கதி. ஒரு நாள் ஒருவர் நோட்டைக் கொடுத்தார். செயலி 200 என்றது. 200க்குச் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டார். அது 100 ரூபாய். “விரல் நூறுன்னுதான் சார் சொல்லுச்சு. நீங்க சொன்ன செயலியாச்சேன்னு அதை நம்புனேன்” என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. நூறு ரூபாயை அனுப்பினேன், வாங்க மறுத்துவிட்டார்.

நோட்டுக்கென்று ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரி 1ஆம் தேதி ‘மணி’ என்று ஒரு செயலி வெளியிட்டது. இலவசம். இணையம் இல்லாமலே வேலை செய்யும். நம் விற்பனைக்காரரின் செயலி சுரங்கப்பாதையில் வாயே திறக்காது. கள்ள நோட்டா நல்ல நோட்டா என்று மணி சொல்லாது, அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது. கூகுளின் லுக்அவுட், மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ இரண்டும் இலவசம்தான். சீயிங் ஏஐ பல வருடம் ஐபோனில் மட்டும் இருந்து 2023 டிசம்பரில்தான் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. தமிழ் அச்சைப் படிக்க நான் கூகுள் லென்ஸ்தான் வைத்திருக்கிறேன். நல்ல அச்சு என்றால் பிழை குறைவு. மாணவர்களின் கையெழுத்தைக் காட்டினால் அதுவும் முழிக்கிறது. பாவம், பார்வையுள்ள ஆசிரியர்களுக்கே அது புரிவதில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்ட கதைக்கு வருகிறேன். பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். வாட்ஸ்ஆப்பில் வந்த கோப்புக்கு அந்த வழி இல்லை. செயலிக்குள் ‘சந்தாவை ரத்து செய்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. உள்ளே போனால், நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்கப் படத்துண்டை இழுத்துப் பொருத்த வேண்டுமாம். ஒலி வழி மாற்று கிடையாது. சேர்வதற்கு இந்தப் புதிர் இல்லை, விலகுவதற்கு மட்டும் உண்டு. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொல்லியாகிவிட்டது. நான் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்து வந்துதான் அந்தப் படத்தைப் பொருத்தினேன். பொருத்திய பிறகு “எங்கள் பிரதிநிதி அழைப்பார்” என்று வந்தது. அழைக்கவில்லை. நானே அழைத்தபோது, டிஜிட்டல் சேவைக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்றார். ‘சார்’ எல்லாம் காணாமல் போயிருந்தது.

என் 2,999, ரயில் வியாபாரியின் 2,999, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற ஒரு தங்கையின் 2,999, சக ஆசிரியரின் 2,999. மொத்தம் 11,996 ரூபாய். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன், தமிழிலேயே பேசினார்கள். புகார் எண் கையில் இருக்கிறது, பணம் இன்னும் இல்லை. அந்தத் தங்கையின் பணத்தை மட்டும் நான் கொடுத்துவிட்டேன்.

இனி யாராவது இப்படி டெமோ அனுப்பினால் நான் கேட்கப்போவது ஒன்றுதான். டாக்பேக்கில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு, திரை இருட்டாக இருக்கும்போது, முதல் பட்டனிலிருந்து கடைசி வரை இயக்கிக் காட்டுங்கள். ரத்து செய்யும் பக்கத்தையும் சேர்த்து. நோட்டு என்னுடைய நோட்டு, கசங்கியது. வெளிச்சம் என் வீட்டு வெளிச்சம். இதற்குச் சம்மதிக்காதவரிடம் ஒரு ரூபாய் டிரையலும் வேண்டாம்.

ஏற்கெனவே இதுபோன்ற ஒன்றை நிறுவியிருந்தால் இன்றே செய்யுங்கள். முதலில் அணுகல்தன்மை அமைப்புக்குப் போய் அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதியை நிறுத்துங்கள். பட்டியலில் டாக்பேக்கும் இருக்கும், பெயரை முழுதாகக் கேட்டுவிட்டுத் தட்டுங்கள். அடுத்து உங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து அந்த ஒப்புதலை ரத்து செய்யுங்கள், பின் நம்பர் கேட்கும். அதற்குப் பிறகுதான் செயலியை நீக்குங்கள். செயலியை நீக்கினால் சந்தாவும் போய்விடும் என்று நினைத்திருந்தார் எங்கள் சக ஆசிரியர். போகாது, அடுத்த வருடமும் பணம் கழியும். உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து வேறு பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே அழையுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

இதில் எங்கேயாவது தடுமாறினால் எனக்கு ஒரு குரல் செய்தி போடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். போனை ஸ்பீக்கரில் வைத்து, உங்கள் டாக்பேக் சொல்வதைக் கேட்டே வழி சொல்கிறேன்.