சிங்கப்பூரில் கிரிம்சன் குளோவர்: சில வருட அனுபவம்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் காரிடாரில் சில வருடங்களாகக் கிரிம்சன் குளோவர் என்ற பயறுவகைச் செடியைத் தொட்டியில் போட்டு வருகிறேன். விதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலைக்காகவும் மண்ணுக்காகவும் என்றால் தாராளமாக வாங்குங்கள். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அந்த நீண்ட சிவப்புப் பூங்கொத்துக்காக என்றால் வேண்டாம்.

காரணம் வெயில் மட்டும் இல்லை. மத்தியதரைக் கடல் பக்கத்து ஓராண்டுச் செடி இது. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன இதை, அந்நாட்டின் தென்மாநிலங்களில் இலையுதிர் காலத்தில் விதைக்கிறார்கள். குளிரில் தரையோடு தாழ்ந்து கிடந்து, வசந்தத்தில் நாள் நீள நீளத் தண்டு நிமிர்ந்து பூத்து, கோடையில் விதை விட்டுக் காய்ந்துபோகும். பகல் 12 மணி நேரத்தைத் தாண்டி நன்றாக நீண்டால்தான் பூக்கவே கிளம்பும். நம் ஊரிலோ வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரமும் சில நிமிடங்களும்தான். என் தொட்டிகளில் ஒரு பூகூட வந்ததில்லை.

ஆனால் இலை அவ்வளவு அழகு! ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். வித்திலைக்கு அப்புறம் வரும் முதல் இலையில் ஒரே ஒரு சிற்றிலைதான் இருக்கும், அடுத்ததிலிருந்துதான் மூன்று மூன்றாக. தண்டு, இலை எல்லாம் மெல்லிய ரோமம், தொட்டால் வெல்வெட் மாதிரி. வெள்ளைக் குளோவரில் தெரியும் வெளிர் வளையம் இதில் கிடையாது. புளியாரையா என்று பலர் கேட்பார்கள். புளியாரையின் சிற்றிலை நடுவில் ஆழமாகப் பிளந்து இதய வடிவில் இருக்கும், மென்றால் புளிக்கும். இதில் அந்த இரண்டும் இல்லை. இருட்டியதும் சிற்றிலைகளை மடித்துக்கொள்ளும், அதைப் பார்க்கவே ஒரு தொட்டி வைக்கலாம்.

மண்ணுக்காகப் போடுகிறவர்கள் குளோவருக்கென்றே விற்கும் ரைசோபியம் தூளை (வேரில் வாழ்ந்து காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) விதையில் பிசறிவிடுங்கள். தட்டைப்பயறு வேரில் வாழும் பாக்டீரியா வேறு வகை, இதற்கு உதவாது. தூள் போடாத தொட்டியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் வெறுமையாக இருந்தது. போட்டதில் குட்டிக் குட்டி முடிச்சுகள், நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

விதைக்க நல்ல நேரம் வடகிழக்குப் பருவமழைக் குளிர்ச்சி. சாரல் அடிக்காத இடமாக வையுங்கள், ஈரம் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும். அப்புறம் வெயில் ஏறி இலை மஞ்சளாகும் முன்பே வெட்டி அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கீரை போடுங்கள்.