எம்ஜிபி ஹீற்றரைக் கழற்றிப் பூட்டி 3 வருடம்: திருகோணமலையிலிருந்து ஒரு அனுபவம்

"இந்த ஊரில் ஹீற்றருக்கு என்ன வேலை?" என் பழைய எம்ஜிபி காரின் போனட் திறந்திருப்பதைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பது நியாயம். பங்குனி பிறந்தால் காலை எட்டு மணிக்கே சட்டை நனைகிற திருகோணமலையில் சூட்டைக் காசு கொடுத்து வாங்க யாருக்கும் தேவையில்லை. நானும் அப்படி நினைத்துத்தான், கழற்றி எறிந்துவிடலாம் என்று வேலையைத் தொடங்கினேன். இப்போது அதே ஹீற்றரோடு மூன்று வருடம் ஓட்டிவிட்டேன். எறியாமல் விட்டது நல்ல முடிவு.

வண்டி 1966 ஆம் ஆண்டு எம்ஜிபி, கூரை மடிக்கிற வகை. என் மாமா கொழும்பில் வாங்கி, பிறகு திருகோணமலை உவர்மலை வீட்டுக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்த கார் இது. 1798 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யு காபரேற்றர், ஆசனங்களுக்குப் பின்னால் 6 வோல்ற் பற்றறி இரண்டு. ஆரம்ப கால எம்ஜிபியில் ஹீற்றர் என்பது மேலதிகமாகக் காசு கொடுத்தால்தான் வரும். எங்கள் வண்டியை முதலில் எடுத்தவர் கேட்டு வாங்கியிருக்கிறார்.

2022 இல் பெற்றோலுக்கு கியூஆர் கோட்டும் வாராந்த அளவும் வந்தபோது வண்டி முற்றத்தில் நின்றுவிட்டது. ஒருநாள் கதவைத் திறந்தால் கால் வைக்கிற இடத்துக் கம்பளம் ஈரம். மழைத் தண்ணீருக்கு இல்லாத ஒரு இனிப்பு வாசம், தொட்டால் பிசுபிசுப்பு. கூலன்ட், எஞ்சினைக் குளிரவைக்கிற திரவம். அதன் சூட்டில்தான் ஹீற்றர் வேலை செய்கிறது. உள்ளே ஹீற்றர் ஒழுகுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எம்ஜிபியில் ஹீற்றர் பெட்டி எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடிக்குச் சற்று முன்னே, எஞ்சினையும் ஆட்கள் இருக்கும் இடத்தையும் பிரிக்கிற தகரத்தட்டில் ஒரு பெரிய ஓட்டைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். பாதி போனட்டுக்குக் கீழே, பாதி டாஷ்போர்டுக்குப் பின்னால். மேலே பார்த்தால் நாலு ஸ்குறூ, இரண்டு ஹோஸ், இரண்டு வயர். அரை நாள் வேலை என்றுதான் தோன்றும். எனக்கு நாலு நாள் எடுத்தது.

பற்றறி வயரைக் கழற்றிவிட்டு, கூலன்ட் வடிய றேடியேற்றர் குழாயையும் எஞ்சின் புளொக்கில் இருக்கிற குழாயையும் திறந்தேன். புளொக்கிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகு மண்ணிறச் சேறு களிபோல வந்தது. இந்த வண்டி ஏன் எப்போதும் சூடாக ஓடுகிறது என்பதற்குப் பாதிப் பதில் அந்த வாளிக்குள்ளேயே இருந்தது.

ஹோஸ் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் மேற்றிக்ஸ் ஒரு குட்டி றேடியேற்றர். அதிலிருந்து வெளியே நீட்டுகிற இரண்டு குழாயும் ஈயம் வைத்துப் பற்றவைத்தவை. வருடக்கணக்காக ஒட்டிப்போன றப்பரைப் பிடித்து முறுக்கினால் குழாயும் சேர்ந்து வரும். ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோல்போல உரித்தெடுங்கள். போனால் ஹோஸ்தான் போகும், இன்னொன்று வாங்கலாம்.

உள்ளே போக, முன்பக்க நடுவில் இருக்கும் ஸ்பீக்கர் பலகையைக் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகு நிலத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலையை டாஷ்போர்டுக்குக் கீழே கொடுத்து, காற்றுக் கதவுக்குப் போகிற கேபிளையும், கண்ணாடிக்குக் காற்று கொண்டுபோகிற இரண்டு பக்கக் குழாய்களையும் விடுவிக்க வேண்டும். அந்தக் குழாய்கள்தான் பெரிய ஏமாற்று. வெளியிலிருந்து தெரியாது. அவற்றை இழுத்தெடுக்காமல் மேலேயிருந்து எவ்வளவு தூக்கினாலும் பெட்டி கீழே கொக்கி போட்டதுபோல நிற்கும். என் கைக்கு வலது பக்கக் குழாய் இரண்டாம் நாள் பின்னேரம்தான் அகப்பட்டது.

சரி, எல்லாம் கழன்றாயிற்று என்று தூக்கினால் பெட்டி அசையவே இல்லை. விளிம்பைத் துடைத்துப் பார்த்தேன். முன்பு எப்போதோ பெயின்ட் அடித்தவர் ஒரு ஸ்குறூவின் தலைமேல் பட்டி பூசி, அதன்மேல் பெயின்டும் அடித்திருந்தார். கடல்காற்று உள்ளே புகுந்து கறள் பிடித்து ஸ்குறூவும் தகரமும் ஒன்றாகிவிட்டன. டீசல் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டும் தலை வழுக்கியது. கடைசியில் டிறில் பண்ணித்தான் எடுத்தேன். அப்போதும் பெட்டி வரவில்லை.

சீனக்குடாப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவரைக் கூட்டிவந்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "இழுக்காத தம்பி. இப்ப பிடிச்சிருக்கிறது ஸ்குறூ இல்ல, ஸ்பொஞ்ச்" என்றார். விளிம்புக்கும் தகரத்துக்கும் இடையில் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு ஸ்பொஞ்ச் பட்டி உண்டு. நம் வெயிலில் அது உருகி, காய்ந்து, பசையாகிவிடுகிறது. உளி வைத்து நெம்பினால் விளிம்பு வளைந்து, திரும்ப ஒருபோதும் சரியாக உட்காராது. அவர் செய்தது வேறு. வெயில் ஏறும்வரை காத்திருந்தார். மத்தியானம் தகரம் கைவைக்க முடியாத சூடானதும், மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் ஒரு பாக நீளம் எடுத்து, இரண்டு முனையிலும் மரக்குச்சி கட்டி, ஒரு மூலையில் விளிம்புக்குக் கீழே நுழைத்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாள் இழுப்பதுபோல மெதுவாக இழுத்தோம். பத்து நிமிடத்தில் நாலு பக்கமும் அறுந்தது. பெட்டியை ஒரு பக்கம் சரித்துத் தூக்கினோம், வந்துவிட்டது. அந்த நேரம் எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

பெட்டி இருந்த பள்ளத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் அடங்கிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற காற்றுக் கம்பிவலை வழியாக விழுந்த வேப்பம்பூ, இலை, மணல் எல்லாம் ஒரு கை அள்ளும் அளவுக்குக் கிடந்தது. மழைத் தண்ணீர் வடிய அங்கே ஒரு றப்பர் குழாய் இருக்கிறது. அது அடைபட்டதால் தண்ணீர் நின்று தகரம் இரண்டு இடத்தில் ஓட்டை. ஹீற்றர் ஒழுகியிருக்காவிட்டால் அந்த இடத்தை நான் திறந்தே இருக்கமாட்டேன். வேப்பமரத்துக்குக் கீழே பழைய கார் நிறுத்துகிறவர்கள் அந்தக் குழாயை வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

அந்தத் தகரத்தைச் சரிசெய்கிற டிங்கர் வேலை இரண்டு கிழமை எடுத்தது. அதற்குப் பிறகு பெட்டி இருந்த ஓட்டைமேல் ஒரு அலுமினியத் தகட்டைத் திருகி, ஹோஸைச் சுற்றிவிட்டு, ஹீற்றர் இல்லாமல் மூன்று மாதம் ஓட்டினேன். அந்த மூன்று மாதம்தான் என் மனதை மாற்றியது. எம்ஜிபியில் முன்னாலிருந்து காலுக்கு வருகிற காற்று முழுக்க அந்தப் பெட்டி வழியாகத்தான் வருகிறது. பெட்டி இல்லையென்றால் காற்று இல்லை, தகட்டின் இடுக்கால் எஞ்சின் சூடும் பெற்றோல் மணமும்தான் வரும். வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்த நாள் ஒன்றில், கூரையை மூடிக்கொண்டு நிலாவெளியிலிருந்து வந்தபோது, மூச்சுக்காற்றில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஒரு கையில் துணி, ஒரு கையில் ஸ்டியரிங். சாம்பல்தீவுப் பாலம் தாண்டும்வரை உயிர் கையில் இல்லை.

அப்புறம் பூட்டத்தான் செய்தேன். மேற்றிக்ஸை றேடியேற்றர் கடையில் கொடுத்து ஈயம் வைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்துச் சோதித்தோம். ஸ்பொஞ்சுக்குப் பதில் ஏசி குழாய்களில் சுற்றுகிற கறுப்பு றப்பர் ஸ்பொஞ்ச் வைத்தேன். அது தண்ணீர் குடிக்காது, மூன்று வருடத்தில் இன்னும் உருகவும் இல்லை. ஸ்குறூவுக்கு ஸ்டெயின்லெஸ் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. உப்புக்காற்றில் ஸ்டெயின்லெஸும் சாதாரண இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் கறள் பிடிப்பது தகரம்தான். நாகம் பூசிய ஸ்குறூவை கிறீஸில் தோய்த்துப் போட்டேன். போன மாதம் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன், விரலால் சுழன்றது.

இனி இந்த மூன்று வருடத்தில் அது உழைத்த விதம். கச்சான் என்கிற சூடான காற்று அடிக்கிற மாதங்களில்தான் உண்மையான உதவி. இந்த எஞ்சினின் விசிறி பெல்டில் சுற்றுவது, ஆகவே வண்டி நின்றால் விசிறியும் மெதுவாகும், சூடு ஏறும். கந்தளாயில் ஒருமுறை வீதி வேலைக்காக நிறுத்தியபோது சூடு காட்டுகிற முள் ஏறத் தொடங்கியது. சூடான கூலன்டை ஹீற்றருக்கு விடுகிற வால்வை முழுக்கத் திறந்து, ஹீற்றரின் காற்றாடியையும் போட்டேன். காலில் நெருப்பு வைத்ததுபோல இருந்தது, ஆனால் முள் இறங்கியது. இரண்டாவது றேடியேற்றர் ஒன்று கூடவே வருகிறது என்பதுதான் அதன் பொருள். ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டி ஏறி நுவரெலியா போன மார்கழியில், கூரை மூடி, ஹீற்றர் போட்டு, பிள்ளைகள் போர்வை கேட்காமல் நித்திரை கொண்டார்கள். மழைக்காலக் கண்ணாடி இரண்டு நிமிடத்தில் தெளிகிறது.

குறையும் உண்டு. காற்றாடிக்கு ஒரே வேகம்தான், சத்தம் அதிகம், காற்று அதற்கேற்ப இல்லை. கேபிள் உப்பில் இறுகுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் விடாவிட்டால் குமிழ் கையோடு வரும்போல இருக்கும். வால்வைப் பாவிக்காமல் மூடியே வைத்தால் உள்ளே பிடித்துக்கொள்ளும், அதனால் வெயில் காலத்திலும் கிழமைக்கு ஒருமுறை திறந்து மூடுகிறேன்.

இப்போது எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் ஹீற்றர் வால்வு உட்காருகிற இடத்தில் பச்சை நிறக் கறை ஒன்று தெரிகிறது. ஒழுகாமல் இருக்க இடையில் வைக்கிற கஸ்கெட் களைத்துவிட்டது. இரண்டு நட்டு, ஒரு கேபிள், ஒரு ஹோஸ், அவ்வளவுதான். ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுவேன்.