சுவரில் மாட்டிய உலகப் போர்: ஒரு வரைபடத்தைப் பற்றி

தங்கச்சிமடத்தில் நான் நடத்தும் மாலை வகுப்புக்காக, ராமநாதபுரம் அரண்மனை அருகே ஒரு கடையில், இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகளைக் காட்டும் தமிழ்ச் சுவர் வரைபடம் ஒன்றை வாங்கினேன்.

இதில் மிகச் சிறந்தது, பசிபிக் கடலில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே போரைக் காட்டும் பகுதிதான். 1942 ஜூன் 4 அன்று காலை, சில நிமிடங்களுக்குள் மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் தீப்பற்றியதையும், நான்காவது கப்பல் மாலையில் தாக்கப்பட்டதையும் தனித்தனி அம்புக்குறிகளால் விளக்கியிருப்பதால், கடலோடு வளர்ந்த பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ஸ்டாலின்கிராடில், 1942 நவம்பரில் சோவியத் படைகள் இரு பக்கமும் வளைத்ததும், 1943 பிப்ரவரி 2 அன்று எஞ்சிய ஜெர்மானியர் சரணடைந்ததும் தெளிவாக உள்ளன. எகிப்தின் எல் அலமெய்ன் போரும், பிரான்ஸின் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கியதும் அளவாக இடம்பெற்றுள்ளன.

ஆனால் நம் பக்கத்துக் கடலை வரைபடத்தைத் தயாரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்ததற்கும், ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கியதற்கும் ஒரு புள்ளிகூட இல்லை. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் இது எனக்குப் பெரிய மனக்குறை. 1944-இல் ஜப்பானியப் படை பின்வாங்க நேர்ந்த, இந்தியாவின் வடகிழக்கிலுள்ள இம்பாலும் கோஹிமாவும் விடுபட்டுள்ளன. அவற்றைச் சிவப்பு மையால் நானே குறித்துக்கொண்டேன்.

உப்புக் காற்றில் மேல் கம்பியின் கொக்கி ஒரே மாதத்தில் துருப்பிடித்து, துணியில் பழுப்புக் கறை இறங்கியது. வாங்குபவர்கள் கொக்கியைக் கழற்றிவிட்டு நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம்.