சுங்கை சிப்புட் டவுன் கண்ணாடிக் கடை: பொறுமை அதிகம், பிரேம் கம்மி

மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளுக்குக் கண்ணாடிப் பவர் வலது கண் பிளஸ் 50 (அதாவது +0.50), இடது கண் பிளஸ் 400 (+4.00) என்பது இந்தக் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. முன்பு வேறோர் இடத்தில் இரண்டு கண்ணையும் திறந்தே அட்டையைப் படிக்கச் சொல்லி, எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள்.

இங்கே இருக்கும் அக்கா கையால் மறைக்க விடவில்லை, பிள்ளைகள் விரல் இடுக்கில் எட்டிப் பார்ப்பார்களாம், வலது கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். மூன்றாவது வரியிலேயே மகள் நின்றுவிட்டாள்: "எல்லாம் கரைஞ்சிருக்கு அக்கா." எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நல்ல கண்ணே எல்லா வேலையும் பார்ப்பதால் பிள்ளைக்குக் குறை தெரியாதாம். மங்கலான படத்தை மூளை ஒதுக்க ஒதுக்க அந்தக் கண் சோம்பிப் போகுமாம்.

அன்றே கண்ணாடி விற்கவில்லை. சொட்டு மருந்து விட்டுச் சோதிக்க அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார், அதற்கே ஐந்து நட்சத்திரம்.

குறை? பிள்ளைகளுக்கான பிரேம் ஒரே தட்டுதான். இடது கண்ணாடி தடிமன், மூக்கில் வழுக்குகிறது. இரண்டு முறை போய் வளைத்துக்கொண்டோம், காசு வாங்கவில்லை. சம்பள வாரத்தில் மட்டும் போகாதீர்கள், உட்கார இடம் இருக்காது.