இருட்டில் ஆடுபவரைப் பிடிக்க: ஐஎஸ்ஓவா, லென்ஸா, ஃபிளாஷா?

மேடையில் ஒருவர் சுழன்று ஆடுகிறார். வெளிச்சம் மங்கல். கேமராவோடு வந்த ஜூம் லென்ஸை 50 மி.மீ.யில் வைத்தால் ஒளி நுழையும் திறப்பு எஃப்/5.6தான் (எண் குறையக் குறையத் திறப்பு அகலும்), ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு எண்ணை, 3200-இல் வைத்தும் ஷட்டர் வேகம் 1/50 நொடிக்கு மேல் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். முகம் ஓரளவு தேறும், கைகள் புகையாகிவிடும். கைவீச்சு உறைந்து நிற்க 1/500 வேண்டும். அதாவது பத்து மடங்கு வெளிச்சம். எங்கிருந்து கொண்டுவருவது?

ஆட்டத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசரை முதலிலேயே போட்டியிலிருந்து நீக்கிவிடலாம். ஐந்து ஸ்டாப், ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) என்று விளம்பரம் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது அடக்குவது உங்கள் கை நடுக்கத்தை, ஆடுபவரின் காலை அல்ல. ட்ரைபாடும் அப்படித்தான். பின்திரையின் மடிப்பெல்லாம் துல்லியமாக விழும், ஆள் மட்டும் ஆவி மாதிரி.

ஐஎஸ்ஓவை ஏற்றுவது செலவில்லாத வழி. 3200-ஐ 32000 ஆக்கினால் கணக்கு சரி. படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருமே? வரும். ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு முக்கியக் காரணம் சென்சாருக்குப் போய்ச் சேர்ந்த ஒளி குறைவு என்பதே. பயந்துபோய் 3200-இலேயே நிறுத்தி, படத்தை இருட்டாக எடுத்து, அப்புறம் கணினியில் வெளிச்சம் கூட்டினால் அதே புள்ளிகள் வந்து நிற்கும். சில கேமராக்களில் இன்னும் மோசமாக. ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் இன்றைய மென்பொருள்கள் நாய்ஸை நன்றாகவே துடைக்கின்றன. அசைவில் கலைந்த கண்ணிமை அப்படித் திரும்பி வராது.

50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், எஃப்/5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓவைத் தொடாமலே 1/500 கிடைத்துவிடுகிறது. என் ஓட்டு இதற்குத்தான், ஒரு முனகலோடு. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில், இரண்டு மீட்டர் தூரத்தில், தெளிவாக விழும் ஆழம் 17 செ.மீ. அளவே. ஆடுபவர் ஓர் எட்டு முன்னால் வைத்தால் ஃபோகஸ் முதுகுக்குப் போய்விடும். ஆளைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸில் போட்டுக்கொண்டு ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஆழம் ஒரு மீட்டரை எட்டும், அசைவும் படச்சட்டத்துக்குள் சிறிதாகத் தெரியும். படத்தில் ஆள் சின்னதாக விழுவார், அப்புறம் ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம்.

சின்ன இருட்டறையில் ஃபிளாஷை மிஞ்ச ஆளில்லை. ஷட்டர் 1/200-இல் இருந்தாலும், குறைந்த சக்தியில் அதன் மின்னல் 1/1000 நொடிகூட நீடிக்காது. உறைய வைப்பது அந்த மின்னல்தான். ஆனால் தூரம் இரட்டித்தால் ஒளி கால்வாசி. மேடைக்கு எட்டாது. எட்டினாலும் வண்ண விளக்குகளின் அழகைக் கொன்றுவிடும், ஆடுபவரின் கண்ணையும் கூசவைக்கும்.

எஃப்/1.8-உம் போதாத இருட்டில் நான் 1/250க்கு இறங்கி, குதித்தவர் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அழுத்துவேன். சுழற்சிக்கு அப்படி ஒரு உச்சி கிடையாது. அங்கே மறுபடியும் ஐஎஸ்ஓதான்.